மனு கேள்வியான கதை

"எங்கள் தெருவுக்கு எப்போது சாலை போடுவீர்கள்?" 1990-களில் கலெக்டர் ஆபீஸ் மரத்தடியில் எழுதிய பல மனுக்களில் இந்த ஒரே கேள்விதான். பதிலும் ஒன்றுதான்: "ஆவன செய்யப்படும்." அதற்கு மேல் என்ன கேட்பது? ஏட்டில் அந்தச் சாலையைப் போட்டு முடித்துவிட்டார்களா என்பதே தெருக்காரர்களுக்குத் தெரியாதே!

அதே காலத்தில் ராஜஸ்தானின் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர்-விவசாயிகள் அமைப்பு வேறு விதமாகக் கேட்டது. "கூலி ஏன் குறைகிறது?" என்றால் "நீங்கள் வேலையைச் சரியாகச் செய்யவில்லை" என்று வாயடைத்துவிடலாம். "மஸ்டர் ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் பதிவேட்டைக் காட்டுங்கள்" என்றால்? 1994 முதல் ஊர் நடுவே கணக்கை உரக்கப் படித்தார்கள். வேலைக்கே வராதவர்களின் பெயர்களும் அதில் இருந்தன.

2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். ஆனாலும் பலர் பழைய மனுவையே புதுத் தாளில் எழுதினார்கள்: "சாலை ஏன் தரமாக இல்லை?" 'இது தகவல் அல்ல' என்று திருப்பி அனுப்பினார் பொதுத் தகவல் அலுவலர். கோபம் வரும்தான், ஆனால் சட்டம் அவர் பக்கம். ஆவணத்தில் இருப்பதைத்தான் தர வேண்டும், இல்லாத தகவலை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இன்று பழகிய கைகள் வேறு மாதிரி எழுதுகின்றன. இந்தச் சாலையின் மதிப்பீடு, பணி ஆணை, எம்.புக் நகல், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகை. எம்.புக் என்ற அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், கனம் எல்லாம் எழுதியிருக்கும். டேப்பைப் பிடித்துத் தெருவில் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்; சட்டப்படி மாதிரி எடுக்கவும் கேட்கலாம். 'ஏன்' என்பதை அதற்குப் பிறகு கிராம சபையில் எழுந்து கேட்டால், மழுப்ப முடியாது.

ஒரே மனுவில் நாற்பது கேள்வி அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது விசாரணை இல்லை, வெறும் ஆத்திரம். அலுவலருக்கும் தட்டிக்கழிக்க வசதி. இரண்டு மூன்று போதும். எந்த ஆவணம் என்றே தெரியாவிட்டால், கோப்பை நேரில் பார்வையிட வேண்டும் என்று எழுதுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது.