பூட்டிவிட்டுப் போகும் வீடு: பாதுகாப்பும் உரிமையும்

பொங்கல், தீபாவளி, கோடை விடுமுறை வந்துவிட்டால் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் நிரம்பி வழியும். அதே நாட்களில் சென்னையின் தெருக்களில் வரிசையாக வீடுகள் பூட்டிக் கிடக்கும். பண்டிகை முடிந்து திரும்பும் சில குடும்பங்களுக்கு முதலில் கண்ணில் படுவது உடைந்த தாழ்ப்பாளும் கலைந்து கிடக்கும் பீரோவும்தான். அதன் பிறகே அவர்கள் நகை ரசீதைத் தேடுகிறார்கள், காப்பீட்டுப் பாலிசியைப் பிரித்துப் படிக்கிறார்கள், காவல் நிலையத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று விசாரிக்கிறார்கள்.

இந்த வேலைகளை எல்லாம் கிளம்பும் முன்பே முடித்திருக்க வேண்டும். பூட்டு திருடனைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இழந்ததை மீட்கவும் இழப்பீடு பெறவும் உதவுபவை நாம் முன்கூட்டியே எடுத்து வைத்த ஆவணங்களே.

வீட்டைக் காட்டிக்கொடுப்பவை

ஆள் இல்லாத வீட்டை அடையாளம் காண்பது கடினமில்லை. கோலம் போடாத வாசல், கேட்டில் செருகிய நாளிதழ்கள், எடுக்கப்படாத பால் பாக்கெட், பகலிலும் எரியும் வாசல் விளக்கு, வெளியே தொங்கும் பெரிய பூட்டு ஆகியவையே போதும். பால்காரரிடமும் நாளிதழ் போடுபவரிடமும் நிறுத்தச் சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் வாசலைப் பெருக்கி, மாலையில் விளக்குப் போட்டுக் காலையில் அணைக்கச் சொல்லுங்கள். வெளிப்பூட்டைத் தவிர்த்து, கதவுக்குள்ளேயே பொருத்திய பூட்டைப் பயன்படுத்துங்கள். செருப்பு அலமாரி, மீட்டர் பெட்டி, பூந்தொட்டி ஆகிய இடங்களில் சாவி வைப்பது ஊரறிந்த பழக்கம். திருடர்களும் முதலில் தேடுவது அங்கேதான். பயணப் படங்களைத் திரும்பி வந்த பிறகு வெளியிடுங்கள்.

சிசிடிவி கேமரா இருப்பது நல்லது. ஆனால் பதிவுப் பெட்டியையே கழற்றிச் செல்லும் திருடர்கள் இருக்கிறார்கள். அதை எளிதில் தெரியாத இடத்தில் வையுங்கள், அல்லது பதிவு இணையத்திலும் சேமிக்கப்படும்படி செய்யுங்கள். கேமராவோடு வந்த கடவுச்சொல்லைக் கட்டாயம் மாற்றுங்கள்.

காவல் நிலையத்துக்கு ஒரு தகவல்

பூட்டிய வீட்டைப் பற்றித் தகவல் சொன்னால் ரோந்துக் காவலர்கள் அந்தத் தெருவைக் கூடுதலாகக் கவனிப்பார்கள். தமிழ்நாடு காவல்துறை பண்டிகைதோறும் இந்த வேண்டுகோளை விடுக்கிறது. முகவரி, கிளம்பும் நாள், திரும்பும் நாள், உங்கள் கைபேசி எண், அருகில் தொடர்புகொள்ளக் கூடியவரின் எண் ஆகியவற்றைக் கடிதமாக எழுதிக் கொடுங்கள். நகலில் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. புதிதாகச் சேர்ந்த பணியாளர் அல்லது காவலாளியிடம் வீட்டை ஒப்படைப்பதாக இருந்தால், காவல்துறையின் இணையச் சரிபார்ப்புச் சேவை மூலம் அவருடைய பின்னணியைச் சரிபார்த்துவிடுங்கள்.

நகை எங்கே இருக்க வேண்டும்?

நீண்ட பயணம் போகும்போது நகைக்கு ஏற்ற இடம் வங்கி லாக்கர். அங்கும் உங்கள் உரிமைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் பொருள் போனால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு. ஆண்டுக்கு 3,000 ரூபாய் வாடகை கட்டினால் 3 லட்சம் ரூபாய். வங்கியின் கவனக்குறைவு இல்லாத பட்சத்தில், நிலநடுக்கம், வெள்ளம் போன்ற இயற்கைச் சீற்றங்களுக்கு இந்தப் பொறுப்பு கிடையாது. லாக்கரில் உள்ள நகைக்கும் தனிக் காப்பீடு எடுப்பது அதனால்தான் அவசியம்.

எங்கே வைத்தாலும் ஒவ்வொரு நகையையும் படம் எடுத்து, எடையைக் குறித்து, ரசீதின் நகலைச் சேர்த்து வையுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்க ஹெச்யுஐடி எண் கட்டாயமாகியுள்ளது. எழுத்தும் எண்ணும் கலந்த அந்த அடையாளம் நகைக்கு நகை மாறும். மீட்கப்பட்ட நகை உங்களுடையதுதான் என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி இல்லை. இந்தப் பட்டியலை வீட்டில் மட்டும் வைக்காதீர்கள். பீரோவோடு அதுவும் போய்விடலாம்.

மின்சாரம், எரிவாயு, தண்ணீர்

பூட்டிய வீட்டின் ஆபத்து திருட்டோடு முடிவதில்லை. 2022 நவம்பரில் சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில், நெடுநாள் பூட்டியிருந்த வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து திரும்பிய குடும்பத்தினர் இரவில் உறங்கிக்கொண்டிருந்தபோது, குளிர்சாதனப் பெட்டி வெடித்துப் புகை சூழ்ந்து மூவர் இறந்தனர். மின்கசிவே காரணம் என்று செய்திகள் வெளியாயின.

பல வாரங்கள் போவதானால் குளிர்சாதனப் பெட்டியைக் காலி செய்து, இணைப்பைப் பிடுங்கி, கதவைச் சற்றே திறந்து வையுங்கள். இன்வெர்ட்டரை நிறுத்துங்கள். கேமராவுக்கு வேண்டிய இணைப்பை மட்டும் விட்டு மற்ற சுற்றுகளை அணையுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிடி கருவி இல்லையென்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். நெடுநாள் கழித்துத் திரும்பினால் கருவிகளை மின்பணியாளரிடம் காட்டிய பிறகே இயக்குங்கள். மின் கட்டணத்தை இணையத்தில் கட்டிவிடுங்கள். கெடு தாண்டினால் ஆள் இல்லாத வீட்டிலும் இணைப்பு துண்டிக்கப்படும்.

சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் வாயு நாற்றம் வந்தால் எந்த மின் பொத்தானையும் தொடாதீர்கள், விளக்கை அணைக்கவும் கூடாது. கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள். பதிவு பெற்ற இணைப்புகளுக்கு எண்ணெய் நிறுவனங்கள் விபத்துக் காப்பீடு வைத்துள்ளன. வாடிக்கையாளர் அதற்குத் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. விபத்து நேர்ந்தால் உடனே விநியோகஸ்தருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்தால்தான் அதைக் கோர முடியும்.

மேல்நிலைத் தொட்டியை இறுக மூடுங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் ஏறக்குறைய பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடிப் பழைய சாமான் ஆகியவற்றில் நீர் நிற்கக் கூடாது. பூட்டிய வீட்டுக்குள் சுகாதாரப் பணியாளரால் போக முடியாது. அதனால் அண்டை வீட்டுக் குழந்தைகளின் நலனும் உங்கள் கையில்தான் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிளம்பினால் மொட்டைமாடி வடிகுழாயில் அடைத்திருக்கும் சருகை எடுத்துவிடுங்கள்.

திருட்டு நடந்துவிட்டால்

உள்ளே போகாதீர்கள், எதையும் தொடாதீர்கள். கைரேகையும் காலடித்தடமும் அழிந்துவிடும். 100 அல்லது 112 எண்ணை அழையுங்கள். வெளியூரில் இருக்கும்போதே தகவல் வந்தால் அங்குள்ள காவல் நிலையத்திலேயே புகார் தரலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவு, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் தர வழி செய்கிறது. மின்னணு வழியிலும் தரலாம். ஆனால் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும்.

வீடு புகுந்து திருடுவது பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம். அத்தகைய குற்றம் பற்றிய தகவல் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மனு ஏற்புச் சீட்டான சிஎஸ்ஆர் மட்டும் கையில் கொடுத்தால் அதோடு திரும்பிவிடாதீர்கள். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கட்டணமின்றிப் பெறுவது உங்கள் உரிமை. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரமானால் காவல் ஆணையர் அலுவலகத்துக்கு, பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் பயனில்லை என்றால் நீதித்துறை நடுவரை நாடலாம். காணாமல் போன சவரனைக் குறைத்து எழுத யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். விட்டுப்போன பொருளைப் பிறகு கூடுதல் வாக்குமூலமாகத் தரலாம்.

நகை மீட்கப்பட்டால் வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இடைக்காலமாகத் திரும்பப் பெற நீதிமன்றத்தில் மனு செய்யுங்கள். நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆவது பிரிவு பொருள்களைப் பட்டியலிட்டுப் படமெடுத்து விரைவில் ஒப்படைக்க நாள் வரம்பே விதித்துள்ளது.

காப்பீட்டில் கவனிக்க வேண்டியவை

2021 ஏப்ரல் முதல் விற்கப்படும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற பொதுப் பாலிசி தீ, புயல், வெள்ளம் போன்றவற்றுக்கானது. அத்தகைய சேதம் நடந்து ஏழு நாட்களுக்குள் நேரும் திருட்டை மட்டுமே அது ஏற்கும். பூட்டை உடைத்து நடக்கும் சாதாரணத் திருட்டுக்குத் தனிக் காப்பீடு வேண்டும். வீடு தொடர்ந்து 30 நாட்களுக்கு மேல் ஆளின்றிக் கிடந்தால் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனை சில பாலிசிகளில் இருக்கிறது. நீண்ட பயணத்துக்கு முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இழப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். சென்னையில் அவருக்கு அலுவலகம் உண்டு. கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

ஆண்டுக்கணக்கில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு

பூட்டிய வீட்டையே ஆக்கிரமிப்பவர்களும் உண்டு. சட்டப்படியான நடைமுறை இன்றி உங்களை வெளியேற்றினால், குறித்துதவிச் சட்டத்தின் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) 6ஆவது பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குத் தொடர்ந்து வீட்டின் அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். அதில் உரிமைமூலத்தை நிரூபிக்கத் தேவையில்லை. கெடு தவறினால் உரிமைமூல வழக்குத்தான் வழி. 12 ஆண்டுகள் கண்டுகொள்ளாமல் விட்டால் எதிரிடை அனுபவம் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கிடைத்துவிடும். வாடகைக்கு விடுவதானால் எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் பாருங்கள், வீட்டுவரியை உங்கள் பெயரில் தவறாமல் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இவற்றில் பெரும்பாலானவற்றை முடிக்க ஒரு நாள் போதும். அடுத்த பயணச்சீட்டை முன்பதிவு செய்யும் அன்றே நகைகளைப் படமெடுங்கள், பாலிசியைப் படியுங்கள், காவல் நிலையத்துக்கான கடிதத்தை எழுதுங்கள். பக்கத்து வீட்டார் ஊருக்குப் போகும்போது அவர்கள் வாசலையும் உங்கள் வாசலாக எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.