முதல் காரே ஸ்போர்ட்ஸ் காரா?

உத்தியோகம் கிடைத்ததும் பையன் கார் கேட்கிறான். அதுவும் ஸ்போர்ட்ஸ் கார்! புதிது வாங்கக் கட்டுபடியாகாது, பழையது கிடைக்கும். திருச்சிவாசி அதை வாங்கலாமா?

நம் நாட்டில் தயாரான அசல் ஸ்போர்ட்ஸ் கார்கள் சொற்பம். 1998-ல் கோவாவில் பிறந்த 'சான் ஸ்டார்ம்' அவற்றில் ஒன்று. பார்க்க அழகுதான். ஆனால் இரண்டே ஆசனங்கள்! தாத்தா பாட்டியை ரங்கநாதர் சேவைக்கு அழைத்துப் போக வேண்டுமானால் எங்கே உட்கார வைப்பது? உதிரி சாமானுக்கு யாரிடம் போவது?

ஆகவே பலர் நாடுவது, சாதுவான உடம்பும் துடுக்கான என்ஜினும் கொண்ட வண்டியைத்தான். 2013-ல் வந்த 'போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.'க்கு 1.2 லிட்டர் என்ஜின்தான். சக்தியோ 105 குதிரை! ஸ்டியரிங் பழகாத கைக்கு அதுவே அதிகம் என்பது நம் அபிப்பிராயம். 2022-ல் போலோ உற்பத்தி இங்கே நின்றுவிட்டது. அதன் இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ் பழுதானால் செலவு கையைக் கடிக்கும்.

வண்டியை என்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். முன்கூட்டியே சூடேற்றி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். பைபாஸ் ரோட்டில் பறந்து பார்த்தால் போதாது. காவேரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகளில் ஒரு சுற்று வாருங்கள். மாட்டுக்கும் பூக்கூடைக்கும் பக்தர் கூட்டத்துக்கும் நடுவே ஊர்ந்து போகையில்தான் கிளட்சும் ரேடியேட்டரும் உண்மையைப் பேசும்.

ஆர்.சி.யில் கடன் பாக்கி குறித்திருக்கிறதா பாருங்கள். இன்ஷூரன்ஸ் மாற்ற 14 நாள், பெயர் மாற்ற 30 நாள் கெடு. விற்றவரே அவசரப்படுத்துவார், பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து நஷ்டஈட்டுக்கு ஜவாப்தாரி என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறதே!