கணக்கு நகலில் கணக்கு இருக்கிறதா?



கல்வராயன் மலைப் புளிக்கும் கடுக்காய்க்கும் போடும் கொள்முதல் சிட்டை முதல், கள்ளக்குறிச்சிக் கடைகளின் பற்று வரவு வரை நம்மில் பலருக்கு இன்று கம்ப்யூட்டரில்தான். 2017ஆம் ஆண்டின் ஜி.எஸ்.டி. விதி 57, கம்ப்யூட்டர் கணக்குக்கு முறையான நகல் வேண்டும் என்கிறது. சட்டத்தின் 36ஆம் பிரிவோ, ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைக் காக்கச் சொல்கிறது.

நகலெடுக்கும் மென்பொருள் 'முடிந்தது' என்று காட்டினால் மட்டும் போதாது. விண்டோஸில் ஒரு தனி டிஸ்க்கை, டி, ஈ என்ற எழுத்தில்லாமல், வேறு டிரைவுக்குள் ஒரு ஃபோல்டராக இணைக்கலாம். கடைக்குள் வாசல் வைத்த பக்கத்துக் குடோனைப் போன்றது அது. தனியாகக் குறிப்பிடாவிட்டால் சில மென்பொருள்கள் வாசலோடு நின்றுவிடும். உள்ளிருக்கும் கணக்கு நகலில் வராது.

பெரிய மொத்த வணிகத்தில், ஒன்று பழுதானால் மற்றொன்று ஏற்கும்படி இரண்டு சர்வர்களைக் 'கிளஸ்டர்' ஆகச் சேர்ப்பதுண்டு. பொதுவான கணக்கு டிஸ்க், அப்போது இயங்கும் சர்வரிடம் போய்விடும். ஒரு சர்வரின் பெயரில் மட்டும் நகல் அமைத்திருந்தால், மாறிய அன்று கணக்கு விடுபடும். எனவே மென்பொருளை இரண்டிலும் நிறுவி, கிளஸ்டரின் பொதுப் பெயரில் அமைக்கச் சொல்ல வேண்டும்.

மாதம் ஒருமுறை, நகலிலிருந்து கணக்கை வேறு கம்ப்யூட்டரில் மீட்டு, கடைசி பில் வரை சிட்டையோடு ஒத்துப் பாருங்கள். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை வைரஸ், கம்ப்யூட்டரோடு இணைந்திருந்த டிஸ்க்குகளையும் பூட்டியது. ஆகவே ஒரு நகலைக் கழற்றி, கடைக்கு வெளியே பத்திரப்படுத்தக் கேட்டுக்கொள்கிறோம்.