சினை ஊசி, ஊசியே இல்லை!

முப்பது வருடங்களுக்கு மேல் வங்கியில் கறவை மாட்டுக் கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போட்டவன் நான். "மாடு சினை பிடிக்கலை சார், தவணை கட்ட முடியலை" என்று யாராவது வந்து நின்றால், சாக்குச் சொல்கிறார் என்றே நினைப்பேன். ஓய்வு பெற்று, சாணத்துக்கும் கோமியத்துக்குமாக ஒரு காங்கேயம் பசு வாங்கிய பிறகுதான் அந்த வலி புரிந்தது.

மூன்று முறை ஊசி போட்டும் லட்சுமிக்குச் சினை நிற்கவில்லை. மூன்று வாரத்தில் திரும்பவும் கத்துவாள். கடைசியில் வழும்பில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. "மலடு சார், வித்துடுங்க" என்றார் தரகர். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏங்க, டாக்டரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்க."

வந்த கால்நடை மருத்துவர் கைவிட்டுப் பார்த்தார். "கர்ப்பப்பை உள்சவ்வு புண்ணாகியிருக்கு சார். போட்டவர் ஒவ்வொரு தடவையும் புது உறை மாட்டினாரா?"

பையிலிருந்து எடுத்த குழாயைத் துணியில் துடைத்து உள்ளே விட்டது நினைவுக்கு வந்தது. ஒரு கையெழுத்து விடுபட்டாலே மனுவைத் திருப்பி அனுப்பியவன், அதைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்!

நாம் ஊசி என்கிறோமே தவிர, அது ஊசியே இல்லை. ஒன்றரை அடி நீள எஃகுக் கம்பி. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. கருப்பை வாயின் வளையங்களைத் தாண்டியதும், கருப்பையின் தொடக்கத்திலேயே விந்தை மெதுவாக விட வேண்டும். கருப்பையின் உடல்பகுதி இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான். அவசரப்பட்டுத் தள்ளினால் முனை கொம்புக்குள் போய் உள்சவ்வைக் கீறிவிடும். கரு ஒட்டி வளர வேண்டிய இடமே அதுதான். கீறலில் கிருமி ஏறினால் சீழ் வைக்கும். பிசிறுள்ள உறையும், ஒரு மாட்டுக்குப் போட்டதை அடுத்த மாட்டுக்குப் போடும் உறையும் இதே வேலையைத்தான் செய்யும்.

இன்னொன்று. பருவம் முடிந்து ஓரிரு நாளில் கொஞ்சம் ரத்தம் தெரிவது பல மாடுகளுக்கு இயல்பு. அதைப் பார்த்துப் பதற வேண்டாம். கம்பியை எடுக்கும்போதே முனையில் ரத்தம் இருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

லட்சுமிக்குச் சிகிச்சை கொடுத்து, ஒரு பருவத்தைச் சும்மா விட்டோம். அடுத்த பருவத்தில் புது உறை. அதன்மேல் மெல்லிய பாலிதீன் மேலுறை. அறையின் அழுக்கு உள்ளே போகாதபடி, கருப்பை வாயில் வைத்துத்தான் மேலுறையைக் கிழித்து முனையை வெளியே விட்டார் மருத்துவர். மூன்றாம் மாதம் சினை உறுதியானது. இப்போது தொழுவத்தில் ஒரு கிடாரிக் கன்று துள்ளுகிறது.

அடுத்த முறை ஊசி போட ஆள் வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள். மாட்டின் பின்புறத்தைக் கழுவித் துடைத்தாரா, உறையை நம் கண்முன் பிரித்தாரா, 37 டிகிரி வெந்நீரில் அரை நிமிடம் வைத்து விந்துக்குச்சியை இளக்கினாரா என்று பாருங்கள். "புது உறைதானேங்க?" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். அன்று நான் கேட்காமல் விட்டதால் லட்சுமியைத் தரகரிடம் இழக்கப் பார்த்தேன்.