பேட்ச் ஃபெயிலானால் கையெழுத்து யாருடையது?

சிறு, நடுத்தர மருந்து ஆலைகளுக்குக் கொடுக்கப்பட்ட சலுகைக் காலம் 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. ஆண்டுக்கு 250 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்கு, மருந்து தயாரிப்பின் தரத்தை வரையறுக்கும் திருத்திய அட்டவணை ‘எம்’ 2024-ஆம் ஆண்டின் நடுவிலேயே நடைமுறைக்கு வந்தது. மற்றவர்கள் அவகாசம் கேட்டார்கள். ஒரு முறை நீட்டித்தும் கொடுத்தார்கள். இனி எல்லோருக்கும் ஒரே விதிதான்.

இதையொட்டி வரும் வாசகர் கடிதங்களில் பெருங்குழப்பம் தெரிகிறது. வேதியியல் படித்தவர்களுக்கு இனி மருந்து ஆலையில் இடமில்லையா, பி.ஃபார்ம். கட்டாயமா, எந்தச் சான்றிதழ் படிப்பில் சேரலாம், பிஎச்.டி. முடித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை கேட்டால் ஏற்பார்களா என்று கேட்கிறார்கள். பொன்னேரி, திருத்தணி அரசுக் கல்லூரிகளிலும் சென்னைக் கல்லூரிகளிலும் அறிவியல் படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஷிப்டுக்குப் போகும் பிள்ளைகளின் கவலை இது.

‘உலக சுகாதார நிறுவனத்தின் தரத்துக்கு உயர்ந்துவிட்டோம்’ என்பது அரசுத் தரப்பின் விளக்கம். உயர்ந்திருப்பது விதியின் வாசகம். அந்த வாசகம் இரவு ஷிப்டிலும் உயிரோடு இருக்கிறதா என்பது, ஆய்வகத்தில் தனியாக நிற்கும் ஒரு கெமிஸ்டின் கையில் இருக்கிறது. அந்தக் கைக்கு என்ன திறன் வேண்டும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: எதிர்பார்த்த முடிவு வராதபோது, வந்ததை வந்தபடி எழுதி, அதன் கீழே பெயரும் தேதியும் போடும் திறன்.

சட்டம் பெயர் கேட்கிறது

1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 71-ஆவது விதி, மருந்து உற்பத்தி ‘தகுதியுள்ள தொழில்நுட்பப் பணியாளரின்’ நேரடி மேற்பார்வையில் நடக்க வேண்டும் என்கிறது. பி.ஃபார்ம். படித்தவருக்குப் பட்டத்துக்குப் பின் 18 மாத உற்பத்தி அனுபவம் வேண்டும். வேதியியலை முதன்மைப் பாடமாகக் கொண்ட அறிவியல் பட்டதாரிக்கு 3 ஆண்டு அனுபவம் வேண்டும். வேதிப் பொறியியல் படித்தவருக்கும் அதே 3 ஆண்டுதான். ஆக, பி.எஸ்சி. வேதியியலுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

அந்தப் பணியாளரின் பெயர் ஆலையின் உரிமத்தில் ஏறும். ஆய்வகப் பொறுப்பாளரின் பெயரும் ஏறும். அவர்கள் வேலையை விட்டுப் போனால் உரிம அதிகாரிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். தொழிலில் ‘அப்ரூவ்டு கெமிஸ்ட்’ என்று சொல்வது இவர்களைத்தான். ஆய்வகத் தலைவர் உற்பத்திப் பொறுப்பாளருக்குக் கீழே வேலை செய்யக் கூடாது, தனித்து இருக்க வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. தயாரிப்பவரே பாஸ் போடக் கூடாது.

ஆனால் இருவருக்கும் சம்பளம் தருபவர் ஒரே முதலாளி. ஆய்வகத் தலைவரின் அனுபவம் ‘போதுமானதா’ என்பதையும் உரிம அதிகாரியின் கருத்துக்கே விதி விட்டுவிடுகிறது. தாளில் இருக்கும் சுதந்திரம் மேசைக்கு வந்து சேர்கிறதா என்பதை யாரும் அளப்பதில்லை.

முடிவு எல்லைக்கு வெளியே போனால்

இந்தத் துறையின் மிக நுட்பமான ஏற்பாடு ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஆய்வகத்தில் அதை ‘ஓஓஎஸ்’ என்பார்கள். நிர்ணயித்த எல்லைக்கு வெளியே விழுந்த முடிவு என்று பொருள்.

ஒரு மாத்திரையில் மருந்துச் சத்து, அட்டையில் போட்ட அளவில் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சத்தை அளக்கும் ஹெச்பிஎல்சி கருவி 88.2 காட்டுகிறது. வெளியே லாரி நிற்கிறது. ‘இன்னொரு தடவை போட்டுப் பாருங்க சார்’ என்று குரல் வருகிறது. மறுபடி போட்டால் 91 வரலாம். அதை எழுதிக்கொண்டு, முதல் தாளைக் கிழித்துவிட்டால் வேலை முடிந்தது. அமெரிக்காவில் இந்தப் பழக்கமே வழக்காகி, 1993-இல் பார் லேபரட்டரீஸ் நிறுவனத்துக்கு எதிராக நியூ ஜெர்சி நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் போய் முடிந்தது. காரணம் கண்டுபிடிக்காமல், பாஸ் வரும்வரை திரும்பத் திரும்பச் சோதிக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இன்று ஓஓஎஸ் விசாரணை என்று உலகம் முழுக்க நடப்பதெல்லாம் அதிலிருந்து வளர்ந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-இல் அதை வழிகாட்டுதலாக வெளியிட்டது.

அது நடக்கும் முறை இப்படி. முடிவு எல்லை தாண்டியதும் எதையும் கொட்டக் கூடாது. கரைசல், குடுவை, ஒப்பீட்டுக்கான தர மாதிரி எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஆய்வு செய்தவரும் மேற்பார்வையாளரும் சேர்ந்து எடை பார்த்தது சரியா, நீர்க்கச் செய்தது சரியா, கணக்கு சரியா, கருவி அன்று தகுதிச் சோதனையில் தேறியதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். ஆய்வகத்தில் தவறு நடந்ததற்குச் சான்று கிடைத்தால் மட்டுமே அந்த முடிவை நீக்கலாம். ‘எங்கேயோ தப்பு நடந்திருக்கும்’ என்ற ஊகம் சான்று ஆகாது.

ஆய்வகத்தில் தவறு இல்லையென்றால், 88.2 உயிரோடு நிற்கிறது. விசாரணை உற்பத்திப் பக்கம் திரும்புகிறது. எவ்வளவு நேரம் கலக்கினார்கள், மூலப்பொருள் எந்த டிரம்மிலிருந்து வந்தது, அன்று இயந்திரம் நின்றதா என்றெல்லாம் தோண்டுகிறார்கள். மறுசோதனை செய்வதாக இருந்தால் அதை இன்னொரு கெமிஸ்ட் செய்வது நல்லது. எத்தனை முறை என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். 88-ஐயும் 93-ஐயும் கூட்டிச் சராசரி எடுத்து 90.5 என்று காட்டுவது, தோற்றதை மறைக்கும் வேலை. புதிய மாதிரி எடுக்கலாம் என்றால், பழைய மாதிரி எடுத்த விதமே பிழை என்று நிரூபிக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு படியிலும் ஒருவர் ‘எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. நேரம் போட்டு, அப்போதே, அழியாத மையில். தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோடு போட்டு, காரணம் சொல்லி, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். வைட்னருக்கு இடமில்லை. கணினியில் செய்தாலும் யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை ‘ஆடிட் டிரெயில்’ பதிந்துகொள்ளும். ‘டெஸ்ட்’ என்று தனியாக ஒரு கோப்புறை வைத்து, அதில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, பாஸானால் மட்டும் அசல் பதிவில் ஏற்றும் தந்திரத்தைத் தணிக்கைக்கு வருபவர்கள் முதலில் தேடுகிறார்கள். கும்மிடிப்பூண்டி அருகே குருவராஜகண்டிகையில் கேப்ளின் ஸ்டெரைல்ஸ் போல அமெரிக்காவுக்கு ஊசிமருந்து அனுப்பும் ஆலைகளுக்கு இந்தத் தணிக்கை புதிதல்ல. இந்த ஒழுங்கு உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் தயாரிப்பவர்களையும் இப்போது எட்டியிருக்கிறது என்பதுதான் மாற்றம்.

கல்லூரி எதிர்த்திசையில் பழக்குகிறது

நம் வேதியியல் செய்முறைத் தேர்வில் விடை முன்பே ஆசிரியருக்குத் தெரியும். பியூரெட் அளவீட்டில் கணக்கிட்ட எடை, அவர் கொடுத்த எடையிலிருந்து இரண்டு சதவீதத்துக்குள் இருந்தால் நல்ல மதிப்பெண், விலகினால் குறையும். மாணவர் என்ன கற்றுக்கொள்கிறார்? பக்கத்து மேசையில் விசாரித்து, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, 18.6-ஐ 19.1 ஆக்கக் கற்றுக்கொள்கிறார். ரெக்கார்டு நோட்டு வாரக்கடைசியில் வீட்டில் உட்கார்ந்து அழகாக எழுதப்படுகிறது. அடித்தல் இருந்தால் திட்டு விழும்.

மூன்று ஆண்டுகள் இப்படிப் பழகியவரிடம், ஆலையில் சேர்ந்த முதல் நாள் ‘பார்த்ததை அப்போதே எழுது, அடித்தலை மறைக்காதே, எதிர்பார்த்த எண்ணைத் தேடாதே’ என்கிறோம். குறை அந்தப் பிள்ளையிடம் இல்லை. மதிப்பெண் முறை அவருக்குப் பொய்யைப் பரிசாகக் கொடுத்துப் பழக்கியிருக்கிறது.

பழக்கத்தின் விலை

காஞ்சிபுரம் மாவட்டத்தின் சுங்குவார்சத்திரத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்து 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரிழப்போடு தொடர்புபடுத்தப்பட்டது. எஸ்ஆர்-13 என்ற பேட்சில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் இருப்பதைத் தமிழக அரசின் ஆய்வகம் கண்டுபிடித்தது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம். அரசு ஆய்வகத்துக்கு ஓரிரு நாளில் தெரிந்த ஒன்று, ஆலையிலிருந்து பேட்ச் வெளியேறுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டும். மூலப்பொருளை வாயு நிறப்பகுப்பில் (கேஸ் குரோமட்டோகிராஃபி) ஒரு தடவை ஓட்டியிருந்தாலே போதும். ஆலையைச் சோதித்தவர்கள் 39 மிகக் கடுமையான குறைபாடுகளையும் 325 பெரிய குறைபாடுகளையும் பட்டியலிட்டார்கள். உரிமம் ரத்தானது. உரிமையாளர் கைதானார், பின்னர் அங்கு வேலை பார்த்த பகுப்பாய்வாளர் ஒருவரும் கைது செய்யப்பட்டார். யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் சொல்லட்டும்.

இதே நச்சுப்பொருள் 1972-இல் சென்னையில் 15 குழந்தைகளைக் கொன்றது. 1986-இல் மும்பையில் 14 பேரைக் கொன்றது. 364 குறைபாடுகளும் ஒரே இரவில் முளைத்திருக்க முடியாது. ஆய்வு அதிகாரிகள் அதுவரை எங்கே இருந்தார்கள் என்ற கேள்விக்கு, அட்டவணையைத் திருத்துவது பதிலாகாது.

மருந்தோடு நிற்பதில்லை

கும்மிடிப்பூண்டியின் உருக்காலைகளில் உலையிலிருந்து எடுத்த மாதிரியை ஸ்பெக்ட்ரோ கருவியில் வைத்து, கார்பன், கந்தகம், பாஸ்பரஸ் அளவு பார்த்து, சில நிமிடங்களில் ‘ஊற்றலாம்’ என்று சொல்பவரும் ஒரு கெமிஸ்ட்தான். அந்த உருக்குத் தொகுதியின் (‘ஹீட்’) எண்ணோடு அவர் தரும் சான்றிதழ், யாரோ கட்டும் வீட்டின் தூணுக்குள் போகிறது. ஆலைக் கழிவுநீரில் மாதிரி எடுக்கும்போது, 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, ஆலைத் தரப்பினர் முன்னிலையில் அதை இரண்டாகப் பிரித்து, இரு தரப்பும் கையெழுத்திட்டு முத்திரை வைக்கச் சொல்கிறது. பதிவு பிசகினால், நச்சு இருந்தும் வழக்கு நிற்காது.

பல்கலைக்கழக ஆய்விலும் இதே கதைதான். ஆய்வு நெறிகள் குறித்த இரண்டு கிரெடிட் பாடத்தை 2019-இல் பிஎச்.டி. மாணவர்களுக்கு யுஜிசி கட்டாயமாக்கியது. முப்பது மணி நேர வகுப்பு தேவைதான். ஆனால் வழிகாட்டி எதிர்பார்த்த வரைபடம் வராத நாளில் ஆராய்ச்சியாளர் நோட்டில் என்ன எழுதுகிறார் என்பதுதான் அவரது உண்மையான தேர்வு. அங்கே தேறியவருக்கு ஆலையிலும் ஆய்வுக்கூடத்திலும் ஒரே மரியாதை கிடைக்கும்.

மற்ற கேள்விகள்

*பிஎச்.டி. படித்தது ஆலையில் வீணாகுமா?* புதிய சோதனை முறையை உருவாக்கி, அது நம்பகமானது என்று நிரூபிக்கும் வேலைக்கு அந்தப் பயிற்சி நேரடியாக உதவும்.

*அப்ரென்டிஸ் காலம் அனுபவமாகச் சேருமா?* சட்டப்படி நீங்கள் பயிற்சி பெறுபவர், தொழிலாளர் அல்ல. ஏற்பது உரிம அதிகாரி கையில் இருப்பதால், என்னென்ன சோதனைகள் செய்தீர்கள் என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

*‘நான் முதல்வன்’ சான்றிதழ் போதுமா?* 2022-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் எந்தப் பாடமானாலும், உங்கள் கையால் ஒரு ஓஓஎஸ் அறிக்கை எழுத வைக்கிறார்களா என்று பாருங்கள்.

*ஆங்கிலம் வராதே?* என்ன நடந்தது, எப்போது, யார் பார்த்தார் என்பதைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுத வந்தால் போதும்.

*எண்ணை மாற்றச் சொல்லி மிரட்டினால்?* மாற்றாதீர்கள், சொன்னது யார், எப்போது என்று குறித்துக்கொண்டு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள்.

பாதுகாப்பு எங்கே?

அந்தக் கடைசிப் பதிலை எழுதக் கை கூசுகிறது. ரேன்பாக்ஸி நிறுவனத்தின் போலித் தரவுகளை அமெரிக்க அதிகாரிகளிடம் எடுத்துச் சொன்ன தினேஷ் தாக்குர், அந்த நாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் இருந்தார். 2013-இல் அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. அவருக்கும் அதில் பங்கு கிடைத்தது. இந்தியாவில் 2014-இல் நிறைவேறிய ஊழல் அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கு மட்டுமானது. அதுவும் நடைமுறைக்கு வரவில்லை. தனியார் ஆய்வகத்தில் ‘ஃபெயில்’ என்று எழுதியதற்காக வேலை போனால், அந்த இளைஞருக்குத் துணை நிற்கத் தனிச் சட்டம் இல்லை. கலப்பட அல்லது போலி மருந்தால் உயிர் போனால் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை தண்டனை சொல்லும் சட்டம், அதைத் தடுக்க முயல்பவரைக் கைவிடுகிறது.

இரண்டு காரியங்களை உடனே செய்யலாம். மருந்து ஆய்வகப் பணியாளர் தரும் புகாருக்குப் பாதுகாப்பை விதியிலேயே எழுதுங்கள், இது அரசுக்கு. செய்முறைத் தேர்வில் சரியான விடைக்குப் பதிலாக நேர்மையான பதிவுக்கு மதிப்பெண் கொடுங்கள், இது கல்லூரிகளுக்கு. மாணவர்கள் இரண்டுக்கும் காத்திருக்க வேண்டாம். நாளைய செய்முறை வகுப்பில் பியூரெட் காட்டுவதை அப்போதே நோட்டில் எழுதுங்கள். விடை பிசகினால் ஏன் பிசகியது என்று அதன் கீழே எழுதுங்கள். நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.