டச்-அப் பெயிண்ட் கெட்டியாகிவிட்டதா?



கடலூர் தேவனாம்பட்டினத்தில் என் மாமா வீட்டு வாசலில் ஒரு பழைய மாருதி 800 நிற்கிறது. கதவில் விரல் நீளத்துக்குக் கீறல். "டிப்ளமோ படிக்கிறியே, நீயே அடிச்சுடு மாப்ள!" என்று, எப்போதோ பட்டறையில் கலந்து வாங்கிய டச்-அப் பாட்டிலை நீட்டினார். திறந்தால் வெல்லப்பாகு மாதிரி கெட்டி. வீட்டிலிருந்த டர்பன்டைனை ஊற்றினேன். திரிந்த பாலாகிவிட்டது! சிதம்பரம் திரும்பும்போது ஒரு பெயிண்டிங் மேஸ்திரியிடம் காட்டினேன். "தம்பி, இது என்.சி. பெயிண்டு. டர்பன்டைனுக்கும் இதுக்கும் ஆகாது" என்று சிரித்தார்.

பெயிண்ட் கெட்டியாவது இரண்டு விதம். ஒன்று, உள்ளிருக்கும் கரைப்பான் ஆவியாகிப் போவது. என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்ட் இந்த வகை. சரியான தின்னர் சேர்த்தால் மீண்டும் இளகும். இரண்டாவது, ரசாயன மாற்றம். எனாமல் காற்றிலுள்ள ஆக்ஸிஜனை வாங்கி இறுகும். ஹார்டனர் கலந்த பி.யூ. பெயிண்ட் தானே இறுகும். இப்படி இறுகியதை எந்தத் தின்னரும் பழையபடி ஆக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது? குச்சியால் கிளறுங்கள். ரப்பர் போலவோ ஜெல்லி போலவோ இருந்தால் தூக்கி எறியுங்கள். பாகுபோல் ஒழுகினால், ஒரு மூடியில் கொஞ்சம் எடுத்து இரண்டு சொட்டு தின்னர் விட்டுப் பாருங்கள். என்.சி.க்கு என்.சி. தின்னர், எனாமலுக்கு மினரல் டர்பன்டைன், மற்றவைக்கு லேபிளில் சொன்னது. கட்டியில்லாமல் கரைந்தால் பாட்டிலிலும் சொட்டுச் சொட்டாக விட்டு, நல்லெண்ணெய் பதம் வரும்வரை கலக்குங்கள். மேலே ஆடை படிந்திருந்தால் முதலிலேயே எடுத்துவிடுங்கள், கலக்கிவிடாதீர்கள். மெட்டாலிக் நிறமென்றால் அடியில் தங்கிய துகள் மேலே வரும்வரை கலக்க வேண்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும்; பக்கத்தில் அடுப்பு, பீடி கூடாது.

"கெட்டியாவே பூசிட்டா என்ன?" என்று கேட்கலாம். மேல்பக்கம் முதலில் காய்ந்து, உள்ளே கரைப்பான் சிக்கிக்கொள்ளும். பிறகு அது வெளியேறும்போது ஊசித்துளையும் வெடிப்பும் விழும். அதன் வழியே உப்பு ஈரம் இறங்கினால் பெயிண்டுக்கு அடியிலேயே துரு ஓடும், வெளியே தெரியாமல்! ஆகவே துருவை எமரி ஷீட்டால் தேய்த்து, பிரைமர் வைத்து, மெல்லிய கோட்டாக இரண்டு மூன்று முறை அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் வேண்டாம். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து ஈரம் படியும், என்.சி. பெயிண்ட் வெளுத்துவிடும்.

மிச்சத்தை வைக்கும்போது பாட்டிலின் கழுத்தைத் துடைத்து, மூடியை இறுக்கி, நிழலில் வையுங்கள்.

மாமா கார் என்ன ஆயிற்று? புதுப் பாட்டில் வாங்கிக்கொண்டு மூன்று வாரம் கழித்துப் போனேன். அதற்குள் கடற்காற்று கீறல் முழுக்கத் துருவேற்றியிருந்தது. ஒரு மணி நேர வேலை ஒரு நாள் வேலையானது. கீறல் மாமாவுடையது, மானம் டிப்ளமோவுடையது! நீங்களாவது டர்பன்டைனை எடுக்கும் முன் பாட்டிலில் இருப்பது என்ன பெயிண்ட் என்று பாருங்கள்.