இரண்டு டிஸ்க் இருந்தும் ஒரே பிரதி

2021 ஜூன் 1 முதல் கூகுள் ஃபோட்டோஸ் அளவில்லாத இலவச இடம் தருவதை நிறுத்தியது. 15 ஜி.பி.க்கு மேல் வேண்டுமானால் மாதாமாதம் காசு கட்ட வேண்டும் என்றானது. குழந்தையின் முதல் நடை, தாத்தாவின் குரல், கல்யாண வீடியோ, வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் என்று வீட்டின் நினைவெல்லாம் செல்போனிலும் லேப்டாப்பிலும் சிதறிக் கிடக்க, ‘நம் வீட்டிலேயே ஒரு பெட்டி வைத்துக்கொண்டால் என்ன?’ என்ற கேள்வி அதற்குப் பிறகு பல வீடுகளில் எழுந்தது. நாஸ் எனப்படும் அந்தப் பெட்டி உண்மையில் ஒரு குட்டிக் கணினி. உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க் பொருத்தலாம். ரவுட்டரோடு ஒரு கேபிளால் இணைத்துவிட்டால் வீட்டிலுள்ள போன், லேப்டாப், டி.வி. எல்லாவற்றுக்கும் அது பொதுப் பரண். முதல் முறை இயக்கும்போதே அது ஒன்றைக் கேட்கும்: இரண்டு டிஸ்க்கையும் எப்படி அமைக்கட்டும்? ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் அப்படியே எழுதும் ‘மிரர்’ முறையைப் பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு பிரதி இருக்கிறது, இனிக் கவலையில்லை என்று நிம்மதியும் அடைகிறார்கள். அந்த நிம்மதிக்கு அடித்தளம் இல்லை என்பது என் வாதம். கையில் இரண்டே டிஸ்க் இருக்கும் வீடு, ஒன்றைப் பெட்டிக்குள்ளும் மற்றொன்றைப் பெட்டிக்கு வெளியேயும் வைப்பதே சரி.

மிரர் எதற்காக வந்தது என்று பார்த்தால் இது விளங்கும். 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ‘ரெய்டு’ என்ற பெயரை உலகுக்குத் தந்த கட்டுரையை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்து வேலை வாங்கலாம் என்பது அவர்கள் யோசனை. ஆனால் டிஸ்க்குகளின் எண்ணிக்கை கூடினால் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். ஒன்று படுத்தாலும் மற்றவை வேலையைத் தொடர வழி வேண்டும். அந்த வழிகளை அவர்கள் படிநிலைகளாக வகுத்தபோது முதல் படியாக நின்றது, ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மிரர். ஆக, அது தீர்க்கும் பிரச்னை வேலை நிற்காமல் இருப்பது. வங்கி கவுன்டரும் டிக்கெட் முன்பதிவும் பத்து நிமிடம் நின்றாலே நஷ்டம். அங்கே மிரர் இல்லாமல் முடியாது. வீட்டின் கதை வேறு. புது டிஸ்க் வந்துசேரும் வரை நாலு நாள் பெட்டி அணைந்து கிடந்தால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. இருபது வருடம் கழித்தும் அந்தப் படம் இருக்க வேண்டும் என்பதுதான் வீட்டின் தேவை. வேலை நிற்காமல் இருப்பதும் பொருள் தொலையாமல் இருப்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள். முன்னதற்கான கருவியைப் பின்னதற்கான காவல் என்று நம்புவதிலிருந்துதான் தவறு தொடங்குகிறது.

மிரர் என்ற இந்தக் கண்ணாடிக்கு நல்லது கெட்டது தெரியாது. ஒரு ஃபோல்டரைத் தவறுதலாக அழித்தால் அந்த நொடியே இரண்டு டிஸ்க்கிலும் அழியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் புகுந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பூட்டு விழும். இது வெறும் கற்பனைப் பயமன்று. 2021 ஏப்ரலில் ‘க்யூலாக்கர்’ என்ற தாக்குதல், இணையத்துக்குத் திறந்து கிடந்த க்யூநாப் பெட்டிகளுக்குள் நுழைந்து, கோப்புகளைச் செவன்-ஜிப் கொண்டு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது. அடுத்த ஜனவரியில் ‘டெட்போல்ட்’ அதே வகைப் பெட்டிகளைத் தாக்கியது. இடையில், 2021 ஜூனில், உலகெங்கும் பலர் காலையில் எழுந்து பார்த்தபோது வெஸ்டர்ன் டிஜிட்டலின் ‘மை புக் லைவ்’ பெட்டிகள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டு, கடையில் வாங்கிய நாளின் நிலைக்குத் திரும்பியிருந்தன. பாதிக்கப்பட்டவற்றில் ‘டியோ’ என்ற இரண்டு டிஸ்க் மாடலும் உண்டு. துடைக்கும் உத்தரவு பெட்டிக்கு வந்தது. உள்ளே எத்தனை டிஸ்க் இருந்தால் என்ன?

இவற்றோடு நெருப்பையும் நீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2021 மார்ச்சில் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.ஹெச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று எரிந்து போனது. பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். நமக்கு நெருப்பைவிட நீர்தான் பழக்கம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த தரைத்தள வீடுகளில், டி.வி. ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் இருந்தது எதுவும் தப்பவில்லை. ரவுட்டருக்குப் பக்கம் என்பதால் இத்தகைய பெட்டியை மக்கள் வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான். திருடனும் டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்து எடுப்பதில்லை, பெட்டியோடு எடுத்துப்போவான்.

இதற்கு வரும் முதல் எதிர்வாதம் வலுவானது. வெள்ளமும் வைரஸும் எப்போதோ வருபவை, டிஸ்க் பழுதாவது அன்றாடம் நடப்பது, அதற்கு மிரர்தானே மருந்து என்பார்கள். பழுது நிஜம்தான். 2007-இல் கூகுள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கண்காணித்து வெளியிட்ட ஆய்வில், முதல் ஆண்டில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவாக இருந்த வருடாந்திரப் பழுது, மூன்றாம் ஆண்டில் எட்டைத் தாண்டியது. முன்னெச்சரிக்கை தரும் என்று எதிர்பார்க்கப்பட்ட முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றுகூடக் காட்டாமலே செத்த டிஸ்க்குகள் பாதிக்கும் மேல். ஆனால் பழுதான டிஸ்க்கில் இருந்தது, வெளியே பத்திரமாக உள்ள இன்னொரு டிஸ்க்கிலும் இருக்குமே. கடைசி பேக்கப்புக்குப் பிறகு சேர்ந்தது மட்டும்தான் போகும். வாரம் ஒரு முறை பேக்கப் எடுக்கிறீர்கள் என்றால் ஒரு வாரப் படங்கள். அவற்றை அதுவரை செல்போனிலிருந்து அழிக்காமல் வைத்திருந்தால் அதுவும் போகாது. மிரர் கூடுதலாகத் தரும் காவல் இந்த ஒரு வாரம்தான். அதிலும் ஓட்டை உண்டு. ஒரே நாளில், ஒரே கடையில் வாங்கிய இரண்டு டிஸ்க் ஒரே சூட்டில், ஒரே மின்சாரத்தில் சேர்ந்தே வயதாகின்றன. அதே 2007-இல் பியான்கா ஷ்ரோடரும் முன்பு சொன்ன கார்த் கிப்சனும் வெளியிட்ட ஆய்வு, டிஸ்க் பழுதுகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் நிகழ்கின்றன என்ற நம்பிக்கையை உடைத்தது: பழுது கூடிய ஒரு வாரத்தை அடுத்து வரும் வாரமும் அப்படியே அமையும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. ஒன்று செத்ததும், மிஞ்சிய டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துப் புதியதில் எழுத வேண்டும். 4 டி.பி. டிஸ்க்குக்கு நொடிக்கு 150 எம்.பி. வேகத்தில் ஏழு மணி நேரத்துக்கும் மேலாகும். வயதான டிஸ்க்குக்கு அவ்வளவு கடுமையான வேலை வருவது, அதற்குத் துணையே இல்லாத அந்த நேரத்தில்தான். (டிஸ்க் வாங்கும்போது அதன் விவரக்குறிப்பில் சி.எம்.ஆர். வகையா என்று பாருங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதப்படும் எஸ்.எம்.ஆர். வகையில் இந்த வேலை பல மடங்கு இழுக்கும். 2020-இல், நாஸுக்கென்று விற்கப்பட்ட சில டிஸ்க்குகளில் இந்த வகை சொல்லாமலே இருந்தது தெரியவந்து பெரும் சர்ச்சையானது.)

இரண்டாவது எதிர்வாதத்தை நான் இன்னும் மதிக்கிறேன். மிரர் தானாக நடக்கும், வெளி டிஸ்க்கை மனிதர் செருக வேண்டும், மனிதர் மறப்பார். உண்மை. ஆனால் இப்பெட்டிகளின் பின்புறம் யு.எஸ்.பி. துளை இருக்கிறது. டிஸ்க்கைச் செருகியதும் மாறியவற்றை மட்டும் நகலெடுக்கும்படி மென்பொருளில் ஒரு முறை அமைத்துவிடலாம். சனி இரவு செருகுவது, ஞாயிறு காலை கழற்றிப் பீரோவில் வைப்பது என்ற அளவுக்கு வேலை சுருங்கிவிடும். ஆயுத பூஜைக்கும் வாரக் கிழமைகளுக்கும் நாள் மறக்காத வீடுகளுக்கு இது பெரிய பாரமன்று. கழற்றுவதுதான் இதில் முக்கியம். செருகியே கிடக்கும் டிஸ்க்கை வைரஸும் இடியும் எட்டிப் பிடிக்கும்.

பீரோவில் இருப்பதை வெள்ளம் விட்டுவைக்காதே என்றால், அதற்குத்தான் மூன்றாவது டிஸ்க். அதை வேறு ஊரிலோ, வேறு தெருவில் மாடி வீட்டிலோ இருக்கும் உறவினரிடம் கொடுத்து வைக்கலாம். மின் கட்டணம் கட்டும் இரண்டு மாதக் கணக்கோடு அதையும் பீரோவில் இருப்பதையும் மாற்றிக்கொள்வது எளிது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில் என்று அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்திய விதி ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. கிளவுட் போதாதா என்பவர்களுக்கு, இந்த மூன்றாவது இடத்துக்கு அது நல்ல தேர்வு. பூட்டிய வடிவில் அனுப்புங்கள், திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் அனுப்புங்கள். மறுபடி எங்கும் கிடைக்கும் சினிமாவுக்கு மாத வாடகை கட்ட வேண்டியதில்லை. நான்காவதாக ஒரு டிஸ்க் வாங்க வசதி வரும்போதுதான் மிரரின் முறை. அப்படியானால் இரண்டு அறையுள்ள பெட்டி எதற்கு என்றால், அந்த நாளுக்காகத்தான்: இருப்பதை அழிக்காமலே பிறகு மிரராக மாற்றிக்கொள்ளப் பல பெட்டிகள் இடம் தருகின்றன. மிரருக்கென்று உண்மையான ஒரு சிறப்பும் இருக்கிறது. பி.டி.ஆர்.எஃப்.எஸ். போன்ற கோப்பு முறையில், ஒரு டிஸ்க்கில் தகவல் மௌனமாகக் கெட்டுப்போனால் கண்டுபிடித்து, மற்றதிலிருந்து சரிசெய்யும். கல்யாண ஸ்டுடியோ நடத்துபவருக்கு, நாளை ஆல்பம் கொடுத்தாக வேண்டும் என்ற நிலையில் இருப்பவருக்கு, மிரர் முதல் நாளிலிருந்தே தேவை. ஆனால் அவருக்கும் வெளி டிஸ்க் வேண்டும்.

அமைக்கும் வேலையில் சில இடங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ரவுட்டருக்கும் பெட்டிக்கும் நடுவே கேபிள்தான், வைஃபை வேண்டாம். ரவுட்டரின் துளை 100 எம்.பி.பி.எஸ். மட்டும் தாங்குவதாக இருந்தால் 1 டி.பி.யை ஏற்ற ஏறக்குறைய ஒரு நாளாகும். ஜிகாபிட் துளையில் இரண்டரை மணி நேரத்தில் முடியும். 20 வாட் இழுக்கும் பெட்டி இருபத்து நான்கு மணி நேரமும் ஓடினால் மாதம் 14 யூனிட்டுக்குச் சற்று மேல், இரண்டு மாத பில்லில் 29 யூனிட். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது டிஸ்க்குக்கும் கோப்புகளுக்கும் ஆகாது. எனவே சிறிய யு.பி.எஸ். ஒன்றை யு.எஸ்.பி. கேபிளால் பெட்டியோடு இணைத்தால், பேட்டரி குறையும்போது பெட்டி தானே முறையாக அணைந்துகொள்ளும். கோப்புகளின் அப்போதைய நிலையைப் பதிந்துவைக்கும் ஸ்நாப்ஷாட்டைத் தினமும் எடுக்கும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள்; தவறுதலாக அழித்ததை மீட்க அதைவிட விரைவான வழியில்லை. ஆனால் நிர்வாகியின் பாஸ்வேர்டு பறிபோனால் ஸ்நாப்ஷாட்டும் போகும். வெளியூரிலிருந்து படம் பார்க்க வேண்டும் என்பதற்காக ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். க்யூலாக்கர் நுழைந்தது இணையத்துக்குத் திறந்த வாசலில்தான். வி.பி.என். வழியாக வாருங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு பலரும் செய்யாத வேலை ஒன்று மிச்சம் இருக்கும். வெளி டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு படத்தைத் தேடித் திறந்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் இதுவரை எடுத்தது பேக்கப் ஆகாது. உறவினர் வீட்டில் இருக்கும் டிஸ்க், யார் கையில் கிடைத்தாலும் படிக்க முடியாதபடி பூட்டியே இருக்க வேண்டும். அந்தப் பூட்டின் பாஸ்வேர்டு பெரும்பாலும் வீட்டில் ஒருவருக்குத்தான் தெரியும், பெட்டியை அமைத்தவருக்கு. அவர் இல்லாத நாளில் மூன்று டிஸ்க்கும் நல்ல நிலையில் இருக்க, உள்ளே இருப்பது மட்டும் யாருக்கும் கிடைக்காமல் போகும். பாஸ்வேர்டை ஒரு தாளில் கையால் எழுதி, இன்ஷூரன்ஸ் பத்திரங்கள் இருக்கும் உறைக்குள் வையுங்கள். வைத்த இடத்தை வீட்டில் இன்னொருவரிடம் இன்றே சொல்லுங்கள்.